வீட்டு வீடியோ எடுக்கப் பழகுகிறீர்களா?

மும்பையில் விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுக்க ட்ரோன் வாங்குமுன், எங்கே பறக்கவிடலாம் என்று மண்டலவாரியாகக் காட்டும் அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தைப் பாருங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி, சிவப்பு மண்டலத்தில் பறக்கவிட மத்திய அரசின் அனுமதி வேண்டும். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி. தாராவி, மாட்டுங்காவுக்கு விமான நிலையம் தூரமில்லை. செம்பூருக்கு அருகே டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். போலீசும் அவ்வப்போது தடை போடும். அதனால் முதலில் கைக்கேமராவில் தேறுங்கள்.

டியூப்லைட் வெளிச்சத்தில் படம் பட்டை பட்டையாக ஓடுகிறதா? நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பெரும்பாலும் பட்டை போய்விடும். ஜன்னலுக்கு நேராகக் கேமராவைத் திருப்பினால் அறை இருண்டுவிடும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். எக்ஸ்போஷரை லாக் செய்துவிட்டு, முழங்காலைச் சற்றே மடக்கி, குதிகால் முதலில் பதிய, மெதுவாக நடங்கள்.

பத்துக்குப் பத்து அறையை வைட் ஆங்கிள் லென்ஸில் ஹாலாகக் காட்டவே காட்டாதீர்கள். பார்ப்பவர் கடன் வாங்கி வீடு தேடுகிறவர். கார்பெட் ஏரியாவைத் திரையிலேயே போடுங்கள். புது பில்டிங் புராஜெக்ட் என்றால் மகாரேரா (மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணோடு, 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமான க்யூஆர் கோடும் விளம்பரத்தில் இருக்க வேண்டும்.