அண்ணன் தேர்தலில் நிற்கிறார், நான் ஆசிரியை

கேள்வி: நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. என் அண்ணன் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கிறார். பூட்டுச்சாவி சின்னம். “நாலாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டு விடு, நீ சொன்னால் கேட்பார்கள்” என்கிறார். என் ஸ்கூட்டியில் ஸ்டிக்கர் ஒட்டவும் கேட்கிறார். கட்சி இல்லாத தேர்தல்தானே, ஒன்றும் ஆகாது என்று எங்கள் தலைமையாசிரியர் சொல்கிறார். என் வீட்டுக்காரர் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார், அவராவது ஓட்டுக் கேட்கப் போகலாமா? கூடப்பிறந்தவருக்காக ஒரு வார்த்தை பேசக்கூட எனக்கு உரிமை கிடையாதா?

பதில்: உங்கள் தலைமையாசிரியர் சொன்னதில் பாதி சரி. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும்தான் கட்சிச் சின்னம். ஆனால் 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சியோடு நிற்கவில்லை. கட்சியில் சேரக் கூடாது என்று சொன்ன கையோடு, நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி எதற்கான தேர்தலிலும் ஓட்டுக் கேட்கவோ செல்வாக்கைப் பயன்படுத்தவோ கூடாது என்கின்றன. உங்கள் அண்ணன் நிற்பது உள்ளாட்சித் தேர்தல். அதனால் விதி உங்களுக்கும் பொருந்தும்.

ஸ்கூட்டி ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டினாலே அது செல்வாக்கைப் பயன்படுத்தியதாகக் கொள்ளப்படும். வீட்டு வாசலில் பூட்டுச்சாவி வரைய வந்தாலும் தடுத்துவிடுங்கள். ஓட்டுப் போடும் உரிமை உங்களுக்கு முழுதாக உண்டு. யாருக்குப் போட்டேன், யாருக்குப் போடுவேன் என்பதை மட்டும் வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டுக்காரர் அரசு ஊழியர் இல்லை, அவர் தாராளமாகத் தெருத் தெருவாகப் போகலாம். நீங்கள் கூடப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் விஷயத்தைத்தான் நான் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். அந்த நம்பர்கள் உங்களிடம் எப்படி வந்தன? பிள்ளையைச் சேர்க்க வந்த அன்று, காய்ச்சல் என்றால் கூப்பிடுவதற்காக அந்தத் தாய்மார்கள் எழுதிக் கொடுத்தவை. அதே குழுவில்தான் சீருடை வந்த செய்தியும், உதவித்தொகைக்கு வங்கிப் புத்தக நகல் கொண்டுவரச் சொன்ன செய்தியும் போயிருக்கும். நாளைக்கு மாற்றுச் சான்றிதழுக்கு உங்கள் பள்ளி வாசலில் வந்து நிற்கப்போகிறவர்கள் அவர்கள். அவர்கள் போனில் “எங்க அண்ணனுக்கு ஓட்டுப் போடுங்க” என்று வந்தால், எதிர் வேட்பாளரின் சொந்தக்காரப் பெண் அதை எப்படிப் படிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். டீச்சர் மனம் கோணக் கூடாதே, நம் பிள்ளை அவங்க வகுப்பில் இருக்கிறதே என்று அவர் பயப்படுவார். உங்களுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லாமல் இருக்கலாம். அவருக்கு அது எப்படித் தெரியும்?

“நீ சொன்னால் கேட்பார்கள்” என்று உங்கள் அண்ணன் சொன்னது உண்மை. கேட்பார்கள் என்பதால்தான் சொல்லக் கூடாது. தங்கையின் பேச்சுக்கு ஊரில் இவ்வளவு மதிப்பு கிடையாது, டீச்சரின் பேச்சுக்கு உண்டு. அந்த மதிப்பை உங்களுக்குக் கொடுத்தது அந்த நாற்காலி.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஓர் உள்ளாட்சித் தேர்தலில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். ஒரு தொடக்கப் பள்ளிதான் சாவடி. கரும்பலகையில் முந்தின நாள் வருகை எண்ணிக்கைகூட அழியவில்லை. மாலையில் பெட்டிக்குச் சீல் வைத்து முகவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் தாளைக் கையில் வாங்கி, “என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க சார்” என்றார். வாசித்தேன். தலையாட்டிவிட்டுக் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார். நான் வேறு எதை வாசித்திருந்தாலும் வைத்திருப்பார். முந்தின வாரம் என்னை யாருடைய பிரசார ஜீப்பிலாவது அவர் பார்த்திருந்தால், அந்தத் தாளை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருப்பாரா?

ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே மூன்று விலக்குகளை வைத்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். பள்ளிதான் சாவடி, ஆசிரியர்தான் அலுவலர் என்று நடக்கிற ஊரில் ஆசிரியரே ஒரு பக்கம் சாய்ந்தால், தோற்றவர் அந்த முடிவை எப்படி ஏற்பார்? ஆகவே உங்களுக்குத் தேர்தல் பணி ஆணை வந்தால், வேட்பாளர் என் உடன்பிறந்தவர் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் உதவி அண்ணனுக்கே வினையாகவும் முடியலாம். 1971-இல் ரேபரேலியில் இந்திரா காந்தி ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற ராஜ் நாராயண் வழக்குப் போட்டார். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா அந்த வெற்றியைச் செல்லாததாக்கினார். பிரதமரின் செயலகத்தில் இருந்த யஷ்பால் கபூர் அரசுப் பணியில் இருந்தபோதே அவருக்காகத் தேர்தல் வேலை பார்த்தார், மேடை போடுவது போன்ற ஏற்பாடுகளை உத்தரப் பிரதேச அரசு அதிகாரிகள் செய்து கொடுத்தார்கள் என்பவைதாம் காரணங்கள். தேர்தல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அது நாடாளுமன்றத் தேர்தல், வேறு சட்டம். ஆனாலும் ஊராட்சித் தேர்தலில் தோற்றவரும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக முடியும். அங்கே உங்கள் வாட்ஸ்அப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் போய் நிற்க வேண்டாம். உங்கள் மீதான துறை நடவடிக்கை அதற்கு மேல் தனி.

அண்ணனிடம் மழுப்பாமல் நேராகச் சொல்லுங்கள்: “என் ஓட்டு என்னிடம் இருக்கிறது, என் பள்ளிக்கூடம் என்னுடையது இல்லை.” முதலில் கோபித்துக்கொள்வார், அண்ணியும் இரண்டு நாள் முகம் கொடுக்க மாட்டார். பொறுத்துக்கொள்ளுங்கள். உறவினர்களில் யாராவது அந்தக் குழுவில் இருந்து, பிரசாரச் செய்தி எதையும் போட்டிருந்தால், அட்மின் என்ற முறையில் இன்றே நீக்கிவிட்டு, “இது பள்ளிச் செய்திகளுக்கு மட்டுமான குழு” என்று ஒரு வரி போடுங்கள். எதிர் வேட்பாளரின் ஆள் போட்டாலும் அதே வரிதான். ஒன்றும் ஆகாது என்ற தலைமையாசிரியரிடம் அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், தர மாட்டார். சந்தேகம் வந்தால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.