நியூசிலாந்தில் ‘எல்’ போர்டு பைக் வாங்குகிறீர்களா?

பழகுநர்களுக்கு 250 சிசிதான் எல்லை என்ற பழைய கணக்கு அங்கே 2012 அக்டோபரோடு போயிற்று. இப்போது 660 சிசி வரை ஓட்டலாம். ஆனால் இன்ஜின் சக்தி டன்னுக்கு 150 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. வண்டி எடையோடு ஓட்டுபவருக்காக 90 கிலோ சேர்த்துக் கணக்கிடுங்கள். நம் சென்னைப் பக்கம் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐயே எடுத்துக்கொள்வோம்: 35 கிலோவாட், எடை சுமார் 200 கிலோ. ஓட்டுபவரின் 90 கிலோவையும் சேர்த்தால் 0.29 டன்; 35-ஐ 0.29-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 120. தாராளமாகத் தேறும்.

சின்ன இன்ஜின்தானே என்று பழைய சுசுகி ஆர்ஜிவி 250-க்கு ஆசைப்படாதீர்கள். சீறிப் பாயும் டூ ஸ்ட்ரோக் அது; தடைப் பட்டியலில் இருக்கிறது. 250 சிசிக்கு மேல் என்றால், அங்கீகாரப் பட்டியலில் மாடல் பெயரைப் பார்த்த பிறகே அட்வான்ஸ். இரவு 10 முதல் காலை 5 வரை வண்டியை எடுக்கக்கூடாது, பின்னால் ஆள் ஏற்றவும் கூடாது.