மின்சார ஒப்பந்தத்தை எக்ஸெல்லில் எடை போடுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, எக்ஸெல்லை எதற்குப் பயன்படுத்துவது என்று கேட்பவர்களுக்கு ஒரு பாடம். லண்டனில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மைத்துனருக்காக நான் போட்டுக் கொடுத்த ஷீட் இது.

நம் ஊர் கடைக்காரருக்கு இந்தத் தலைவலி இல்லை. மின்வாரியம் சொல்லும் கட்டணத்தைக் கட்டுகிறார். பிரிட்டனில் பல நிறுவனங்கள் போட்டி போட்டு மின்சாரம் விற்கின்றன. கடைக்காரரே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வருடங்களுக்கு ஒப்பந்தம் போடுகிறார். வீடுகளுக்கு அங்கே விலை உச்சவரம்பு உண்டு, கடைகளுக்குக் கிடையாது. நாள் முழுக்க பிரிட்ஜும் ப்ரீசரும் ஓடும் கடையில், யூனிட்டுக்கு ஒரு பென்ஸ் வித்தியாசம்கூட வருடத்தில் பெரிய தொகையாகிவிடும்.

முதலில் கடந்த 12 மாத பில்களை எடுத்து, எத்தனை யூனிட் செலவானது என்று கூட்டிக்கொள்ளுங்கள். மீட்டர் பார்க்காமல் உத்தேசமாகப் போட்ட பில்லை நம்ப வேண்டாம். எக்ஸெல்லில் புதிய ஷீட்டைத் திறந்து, முதல் வரியில் ஏ முதல் இ வரை நிறுவனம், வருட யூனிட், யூனிட் விலை, தினக் கட்டணம், மொத்தம் எனத் தலைப்பிடுங்கள். தினக் கட்டணம் என்பது விளக்கே போடாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை. விலைகளைப் பவுண்டிலேயே கொடுங்கள். 24 பென்ஸ் என்றால் 0.24. எல்லா விலையும் வரி சேர்க்காததாக இருக்கட்டும்.

இனி இ2 செல்லில் = அடையாளத்தை டைப் செய்து, பி2 செல்லில் கிளிக் செய்யுங்கள். * தட்டி சி2 செல்லிலும், + தட்டி டி2 செல்லிலும் கிளிக் செய்யுங்கள். கடைசியில் *365 என டைப் செய்து என்டர் தட்டினால் வருடச் செலவு வந்துவிடும். அந்த செல்லின் வலது கீழ் மூலையிலுள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால், மற்ற நிறுவனங்களுக்கும் கணக்கு தானாக வரும்.

ஒரு உதாரணம். கடைக்கு வருடம் 25,000 யூனிட் தேவை. முதல் நிறுவனம் யூனிட் 24 பென்ஸ், தினம் 60 பென்ஸ் கேட்கிறது. இரண்டாவது, யூனிட் 22.5 பென்ஸ்தான், ஆனால் தினம் 2.50 பவுண்ட். போனில் கேட்கும்போது இரண்டாவதுதான் மலிவாகத் தெரியும். ஷீட்டில் பாருங்கள்: முதலாவது 6,219 பவுண்ட், இரண்டாவது 6,537.50 பவுண்ட்!

அடுத்து எப் நெடுவரிசையில் தரகர் கமிஷன். பல தரகர்களின் கமிஷன் யூனிட் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதனால் 'எங்கள் சேவை இலவசம்' என்று அவர்கள் சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. யூனிட்டுக்கு 1 பென்ஸ் என்றாலும் நம் உதாரணக் கடைக்கு மூன்று வருடத்தில் 750 பவுண்ட். 2022 அக்டோபர் முதல், மிகச் சிறிய தொழில்களுக்கான ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனைகளில் இந்தத் தொகையைக் காட்டியாக வேண்டும் என்பது அந்நாட்டு எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆப்ஜெமின் விதி. தைரியமாகக் கேளுங்கள்.

மிகவும் ஆபத்தான இடம் தொலைபேசி. 'உங்கள் ஒப்பந்தம் முடிகிறது, இன்று மட்டும்தான் இந்த விலை' என்று அவசரப்படுத்துவார்கள். பதிவாகும் அழைப்பில் 'சரி' என்று சொன்னாலே அது ஒப்பந்தமாகிவிடலாம். வீட்டு வாடிக்கையாளருக்கு உள்ளதுபோல், மனம் மாறினால் 14 நாளில் ரத்து செய்யும் உரிமை கடைக்காரருக்குச் சட்டப்படி இல்லை. எனவே போனில் எதற்கும் சம்மதிக்காமல், 'ஈமெயிலில் அனுப்புங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். வந்ததை ஒரு போல்டரில் சேமித்து, விலை முழுவதும் நிலையானதா, மின்கம்பிக் கட்டணம் போன்றவை இடையில் ஏறுமா என்று படித்துப் பாருங்கள்.

எத்தனை வருடம் என்பதையும் யோசிக்க வேண்டும். 2022ல் உக்ரைன் போரை ஒட்டி விலை உச்சத்தில் இருந்தபோது நீண்ட ஒப்பந்தம் போட்டவர்கள், சந்தை விலை இறங்கிய பிறகும் பழைய விலையில் மாட்டிக்கொண்டார்கள்.

ஒப்பந்தம் முடியும் தேதியை ஜி நெடுவரிசையில் எழுதிவிட்டு, அதற்கு மூன்று மாதம் முன்பாகக் கம்ப்யூட்டர் காலண்டரில் நினைவூட்டல் போடுங்கள். தேதி தாண்டினால் வரும் விலை வழக்கமாக மிக அதிகம். புதிதாகக் கடை எடுத்தவருக்கும் இப்படி ஒரு விலைதான் முதலில் வரும். ஆனால் ஒப்பந்தமே போடாததால், அபராதமின்றி உடனே வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம்.