தில்லியில் குடியேறும் அயல்நாட்டவர்: பதிவு முந்தியது, ஆதார் பிந்தியது

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இலங்கையிலோ பிறந்து, பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்து சேரும் தமிழர்கள் வங்கிக் கிளையில் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது: ஆதார் இல்லாமல் கணக்குத் தொடங்க இயலுமா? இயலும். ஆயினும் அதை அறியாமல், ஆதார் கிடைக்கட்டும் என்று காத்திருந்து, மாதச் சம்பளத்தைப் பெறவும் வாடகை செலுத்தவும் வழியின்றித் தவிப்போர் உளர். அவர்களுக்காகவும், அவர்களுக்கு வீடும் வேலையும் அளிக்கும் நம் வாடிக்கையாளர்களுக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இக்குழப்பத்திற்குப் பிற நாட்டு வழக்கமும் ஒரு காரணம். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியிருப்பு விசாவும் அடையாள அட்டையும் பிணைந்தே நடக்கின்றன. 2022ஆம் ஆண்டில் கடவுச்சீட்டில் விசா ஒட்டும் முறை கைவிடப்பட்டு, எமிரேட்ஸ் அடையாள அட்டையே குடியிருப்புக்கும் சான்றாயிற்று. இந்தியாவில் அவ்வாறில்லை. விசாவும் அதைத் தொடரும் பதிவும் குடியேற்றச் சட்டத்தைச் சார்ந்தவை. ஆதார் 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டத்தைச் சார்ந்தது. ஒன்று கிடைத்ததால் மற்றொன்று தானாக வந்துவிடாது.

1939ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் பதிவுச் சட்டமும் 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டமும் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தன. அவற்றின் இடத்தில் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம், 2025, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 180 நாள்களுக்கு மேற்பட்ட வேலை விசா, மாணவர் விசா போன்றவற்றில் வருவோர், வந்த 14 நாள்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது பொதுவிதி. விசாவிலேயே பதிவு குறித்த குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும்; விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்னரே அதைப் படித்துவிடுவது நலம். தில்லியில் இப்பணியைக் கவனிக்கும் எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகம் ராமகிருஷ்ணபுரம் முதலாம் செக்டரில் இருக்கிறது. மலை மந்திரையும் தில்லித் தமிழ்ச் சங்கத்தையும் அறிந்த நம் வாசகர்களுக்கு அப்பகுதி புதிதன்று. எனினும் அங்கே நேரில் செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. 2018 முதல் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளம் வழியாகவே விண்ணப்பித்து, சான்றையும் மின்னஞ்சலில் பெறலாம். அழைக்கப்பட்டால் மட்டும் செல்ல வேண்டும்.

கடவுச்சீட்டு, விசா, நிழற்படம், நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றைத் திரட்டுவது எளிது. இடறுவது முகவரிச் சான்றில்தான். தில்லியில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுவதே அதற்குக் காரணம். ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளரின் பெயரும் முழு முகவரியும் தெளிவாக இருக்கட்டும். "பின்புறம், இரண்டாம் மாடி" என்பது ஓரிடத்தில் எழுதப்பட்டு மற்றோரிடத்தில் விடுபட்டால், அச்சிறு வேறுபாடே விண்ணப்பம் திரும்பி வரப் போதுமானது. வீடு மாறினால் அதையும் எஃப்ஆர்ஆர்ஓவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வீட்டு உரிமையாளர்களாகிய வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல். அயல்நாட்டவர் ஒருவரைத் தங்கவைப்பவர், 24 மணி நேரத்திற்குள் அதை இணையத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். சி படிவம் என்று பரவலாக அறியப்படும் இப்படிவம் விடுதிகளுக்கு மட்டும் உரியது என்று பலரும் கருதுகின்றனர். தனி வீடுகளுக்கும் அது உரியதே.

இனி, தமிழர்க்கே உரிய ஓர் இடர். நம் பெயர்களில் குடும்பப்பெயர் இல்லை. மலேசியக் கடவுச்சீட்டில் மகன் என்பதற்கு ‘ஏ/எல்’ என்றும், மகள் என்பதற்கு ‘ஏ/பி’ என்றும் குறித்துத் தந்தை பெயரை எழுதுவர். நிறுவனத்தின் பணிக்கடிதமோ அக்குறியை விட்டுவிட்டுத் தந்தை பெயரைக் குடும்பப்பெயராக்கிவிடும். வாடகை ஒப்பந்தம் எழுதுபவர் முதலெழுத்தோடு நிறுத்திவிடுவார். இப்படி ஒரே மனிதர் மூன்று தாள்களில் மூன்று பேராகத் தோன்றுவார். கடவுச்சீட்டில் உள்ளது உள்ளவாறே எல்லா இடத்திலும் எழுதுமாறு தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு திருத்துவதற்கு ஆகும் காலம் மிகுதி. பான் விண்ணப்பத்தில் ஒற்றைப்பெயர் உடையவர் அப்பெயரைக் கடைசிப்பெயருக்குரிய கட்டத்தில் எழுத வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

வங்கிக் கணக்கிற்கு வருவோம். வேலைக்காக இந்தியா வந்து தங்குபவரை அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இந்தியாவில் வசிப்பவராகவே கொள்கிறது; ஆகவே அவர் சாதாரணச் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். கடவுச்சீட்டும் செல்லத்தக்க விசாவும் அடிப்படை ஆவணங்கள். கடவுச்சீட்டில் முகவரி இல்லையெனில், அவரது நாட்டு அரசுத் துறை வழங்கிய ஆவணத்தையோ இந்தியாவிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்தின் கடிதத்தையோ முகவரிச் சான்றாக ஏற்க விதி இடமளிக்கிறது. தூதரகங்கள் நிறைந்த சாணக்கியபுரி அருகிலிருப்பது தில்லிவாசிகளுக்கு ஒரு வசதி. வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைப்பதைக் கட்டாயமாக்கிய விதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26ஆம் நாள் தீர்ப்பில் நீக்கிவிட்டது. மாணவர்களுக்கு முறை வேறு: கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தைக் கொண்டு என்ஆர்ஓ கணக்குத் தொடங்கி, உள்ளூர் முகவரியை 30 நாள்களுக்குள் அளிக்க வேண்டும். அதுவரை வெளிநாட்டிலிருந்து வரும் தொகை 1,000 அமெரிக்க டாலருக்கு மிகாமல் இருக்க வேண்டும். பான் எண்ணுக்கு அயல்நாட்டுக் குடிமக்கள் தனிப்படிவத்தில் விண்ணப்பிக்கலாம். அதை ஆதாரோடு இணைக்கும் கடமையிலிருந்து இந்தியக் குடிமக்கள் அல்லாதோர் விலக்குப் பெற்றுள்ளனர்.

ஆதார் பெற, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாள்கள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். அந்நாள்கள் தொடர்ச்சியாக அமைய வேண்டியதில்லை. இடையே ஊர் சென்று வந்தால் தங்கிய நாள்களைக் கூட்டிக்கொள்ளலாம். 18 வயது நிறைந்த அயல்நாட்டவருக்கு 7ஆம் எண் படிவம் உண்டு; மின்னஞ்சல் முகவரியும் தர வேண்டும். அவர் பெறும் ஆதார் விசா முடியும் நாள்வரையே செல்லும். ஓசிஐ அட்டை உடையோருக்கும் நேபாள, பூட்டான் குடிமக்களுக்கும் அது 10 ஆண்டுகள். ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுகிறது. ஆதலால் அது கையில் இருக்கிறதென்று விசா நீட்டிப்பை மறந்துவிடலாகாது. அனுமதிக் காலம் கடந்து தங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப் புதிய சட்டத்தில் இடமுண்டு.

பாட்டனோ பூட்டனோ இந்தியாவிலிருந்து சென்றவராயின், ஓசிஐ அட்டைக்குத் தகுதி உண்டா என்று முதலில் பார்ப்பது நன்று. கொள்ளுப்பேரர் வரை அத்தகுதி நீள்கிறது. சான்று தேடுவதுதான் பெரும்பாடு. தோட்டத் தொழிலுக்குச் சென்றவர்களின் பழைய தாள்கள் பல குடும்பங்களில் எஞ்சவில்லை. கிடைத்தவருக்கோ வாழ்நாள் விசா கிட்டும். எத்தனை நாள் தங்கினாலும் எஃப்ஆர்ஆர்ஓ பதிவு தேவையில்லை.

விசா நீட்டிக்கப்பட்டதும் அதன் நகலை ஆதார் மையத்திற்கும் வங்கிக் கிளைக்கும் அளித்துவிடுங்கள். பணி முடிந்து தாய்நாடு திரும்புவோர், புறப்படும் முன் கிளைக்குத் தெரிவித்தால், கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றித் தருவோம். கடைசி மாதச் சம்பளமும் வீட்டுக்காரர் திருப்பித் தர வேண்டிய முன்பணமும் அதில் வந்து சேரும்.