கேசியை நீக்கியது நியாயமா?

கேள்வி: ஒரே பருவத்தில் 59 வெற்றி பெற்றுத் தந்த பயிற்சியாளர் டுவேன் கேசியை டொராண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி நீக்கியது சரிதானா?

பதில்: ரசிகர்களிடையே இன்றும் ஓயாத விவாதம் இது. 2018இல், தொடர்ந்து மூன்றாம் வருஷமாகக் கிளீவ்லாந்து அணியிடம், அதுவும் ஓர் ஆட்டத்தில் அவ்வணியின் லெப்ரான் ஜேம்ஸ் இடப்புறமாக ஓடிவந்து கடைசி விநாடியில் ஒற்றைக் கையால் பலகையில் மோதவிட்டுப் போட்ட பந்தினால், தோற்று வெளியேறிய அணியின் நிர்வாகஸ்தர்கள் மனம் கசந்ததில் ஆச்சரியமில்லை. ஆயினும், மே மாதம் விலக்கப்பட்ட அந்த மனிதருக்கே ஜூனில் அவ்வருஷத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது. அடுத்த வருஷம் கேசியின் இடத்துக்கு வந்த நிக் நர்ஸ் சாம்பியன் பட்டம் வென்றதையே பிரமாணமாகக் காட்டுவோர், நர்ஸுக்கு வாய்த்த நட்சத்திர ஆட்டக்காரர் கவாய் லெனார்டு கேசிக்கு வாய்க்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். லெனார்டுடன் ஒரு வருஷமேனும் கேசிக்குச் சந்தர்ப்பம் அளித்திருக்க வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.