மறதி ஆற்றைக் கடந்து

போர்ச்சுகலின் வடபகுதியில் லீமா என்றோர் ஆறு உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அதன் கரைக்கு வந்த ரோமானியப் படை நீரில் இறங்க மறுத்துவிட்டது என்பர். கடப்பவரின் நினைவுகளையெல்லாம் அழித்துவிடுவதாகப் புராணங்கள் கூறும் லேதே என்னும் மறதி ஆறு இதுவே என்று வீரர்கள் அஞ்சினர். பெற்றோரையும் பிள்ளைகளையும் மறந்தபின் உயிர் மட்டும் எஞ்சி என்ன பயன்? தளபதி டெசிமஸ் ஜூனியஸ் புரூட்டஸ் முதலில் ஆற்றைக் கடந்து, மறுகரையில் நின்று வீரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்; அதன்பின்னரே படை நகர்ந்ததாம். போந்தே தே லீமா நகரில் ஒரு கரையில் வீரர்களின் உருவங்களும், எதிர்க்கரையில் குதிரைமீது தளபதியின் உருவமும் இன்றும் நிற்கின்றன.

அங்குள்ள பழைய பாலத்தைக் கடந்துதான் யாத்திரிகரின் ஒரு நாள் தொடங்குகிறது. அவர் செல்லுமிடம் ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ பேராலயம். இயேசுவின் சீடரான யாக்கோபின் கல்லறை அங்கிருப்பதாக நம்பிக்கை. தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்குபவர் இவரே. போர்ட்டோ நகரிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடை. இன்றைய பங்கு, ரூபியாயிஷ் சிற்றூர்வரை சுமார் 18 கிலோமீட்டர்.

பாலத்தில் செல்வோர் பலருக்கு அந்த வீரர்களின் அச்சம் இல்லை. அதற்கு நேர்மாறான ஆசையே உண்டு. ஓர் இழப்பை, ஓர் அவமதிப்பை மறந்துவிட வேண்டும் என்றே வந்திருக்கிறார்கள். ஆறு அவர்களுக்கு அந்த உதவியைச் செய்வதில்லை.

காலை நடை எளிது. கருங்கல் தூண்கள்மீது திராட்சைப் பந்தல்கள், மக்காச்சோளம் உலர்த்தும் கற்களஞ்சியங்கள், யூகலிப்டஸ் நிழல். வழி பிரியுமிடங்களில் மஞ்சள் அம்புக்குறிகள். ஸ்பெயினில் ஓ செப்ரெய்ரோ ஊரின் பங்குத்தந்தை எலியாஸ் வலின்யா 1984இல் வரையத் தொடங்கிய வழக்கம் அது. அம்புக்குறி தவறுவது இருளினால் அன்று. மனம் பழைய வழக்கொன்றை மறுபடியும் விசாரிக்கத் தொடங்கும். கால்கள் குறியைத் தாண்டிச் சென்றிருக்கும். கடைசியாகக் கண்ட அம்புக்குறிவரை திரும்பி நடப்பதே பரிகாரம். குறுக்குவழி தேடுபவர் மேலும் அலைவர். ஜபத்தில் அமர்ந்து பழகியோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு லப்ரூஜா ஏற்றம். காலடியில் கற்கள் உருளும் செங்குத்தான காட்டுப்பாதை, சுமார் 400 மீட்டர் உயரம்வரை செல்கிறது. அங்கே மூச்சைத் தவிர வேறு நினைவே எழாது. மனம் அடங்கிவிட்டதாகத் தோன்றும். அது அடக்கமன்று, களைப்பு. சமதரை வந்ததும் பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும்.

ஏற்றத்தின் வழியில் ஒரு கற்சிலுவை உள்ளது. பிரெஞ்சுக்காரர் சிலுவை என்பர். இறந்தோர் சிலுவை என்றும் பெயர். 1809இல் நெப்போலியனின் படையிலிருந்து பின்தங்கிய வீரர்களை ஊரார் மறைந்திருந்து தாக்கிய இடம் அது. பகைவருக்கும் அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதன் அடியில் யாத்திரிகர்கள் கற்களையும், மறைந்தோரின் படங்களையும் வைத்துச் செல்கின்றனர். கல்லை வைத்த கை அக்கணமே துயரையும் விட்டுவிடுகிறதா? சிலருக்கு விடுகிறது. சிலர் அதே பாரத்துடன் இறங்குகிறார்கள். எனினும் அவர்களும் நின்று, பிறர் வைத்துச் சென்ற படங்களைப் பார்த்துவிட்டே இறங்குகிறார்கள்.

மாலையில் ரூபியாயிஷ். பழைய பள்ளிக்கட்டடம் ஒன்று யாத்திரிகர் விடுதியாகியிருக்கிறது. பதிவேட்டில் பெயரும் நாடும் எழுதியதும் யாத்திரைச் சான்றேட்டில் முத்திரை விழுகிறது. கொப்புளத்தைக் கழுவி, நனைந்த சட்டையைக் கொடியில் உலர்த்திவிட்டு, அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரிடம் அவர் பெயரை விசாரிக்கிறார் யாத்திரிகர்.