நிவாரணப் பட்டியலில் விடுபட்ட வீடு



கொள்ளை நோய் பரவும் காலத்தில் அரசு நிவாரணத்திற்கெனப் பெருந்தொகை ஒதுக்குகிறது. அது ஒரு குறிப்பிட்ட ஏழையின் வீட்டு வாசலை எட்டுமா என்பதோ கிராமத்தில் எழுதப்படும் பெயர்ப் பட்டியலைப் பொறுத்தது. அப்பட்டியல் எவ்வாறு உருவாகிறது, அதற்குப் பொறுப்பானவர் யார், பிழை நேர்ந்தால் நாம் என்ன செய்யலாம் என்பவற்றை இவ்வாரம் கற்போம்.

கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியை எடுத்துக்கொள்வோம். கடலையும் களப்பையும் வயலையும் அன்றாடக் கூலியையும் நம்பி, பெரும்பாலும் முஸ்லிம் சகோதரர் வாழும் ஊர் அது. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாப் பகுதியில் டெங்குக் காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச்சில், கொவிட்-19 காரணமாக நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அன்றன்று உழைத்து அன்றன்று உண்ணும் குடும்பத்துக்கு ஊரடங்கு என்றால் அடுப்படங்கு என்றுதானே பொருள்?

1. பணம் வந்த வழி

2020 ஏப்ரல், மே மாதங்களில் அரசு 5,000 ரூபா வீதம் உதவித்தொகை வழங்கியது. சமுர்த்திப் பயனாளிகள், அதற்காகக் காத்திருப்போர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், தொழில் இழந்தோர் ஆகியோருக்கென அறிவிக்கப்பட்ட தொகை இது. 2021 ஆகஸ்டில் மீண்டும் நாடு முடக்கப்பட்டபோது, வேறு உதவி பெறாதிருந்து வருமானம் இழந்த குடும்பங்களுக்கு 2,000 ரூபா அறிவிக்கப்பட்டது.

இப்பணம் திறைசேரியிலிருந்து புறப்பட்டு, மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் என்னும் படிகளில் இறங்கிக் கிராம உத்தியோகத்தர் பிரிவை அடைந்தது. அங்கே கிராம உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர், பொருளாதார அபிவிருத்தி உத்தியோகத்தர் முதலானோர் கூடிப் பெயர்களைத் தெரிந்தனர். ஆகவே நிவாரணத்தின் நீதி அந்தச் சிறு மேசையிலேயே பெரும்பாலும் முடிவாயிற்று எனலாம்.

2. சபை வேறு, செயலகம் வேறு

இங்கே பலரும் குழம்புவதுண்டு. பிரதேச சபையும் நகர சபையும் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்பவை. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தவை. வீதி, வடிகால், சந்தை, குப்பை அகற்றல், பொதுச் சுகாதாரம் போன்றவை அவற்றின் கடமைகள். பிரதேச செயலகமோ மத்திய அரசின் அலுவலகம். 5,000 ரூபாவைப் பங்கிட்டது செயலகத்தின் வழியே. சபையின் கையில் அப்பணம் இருக்கவில்லை. கிண்ணியாவில் நகர சபையும் உண்டு, பிரதேச சபையும் உண்டு. பெயர் விடுபட்டவர் சபை உறுப்பினரின் படலையில் காத்து நிற்பதைவிடப் பிரதேச செயலாளருக்கு எழுதிக் கொடுப்பதே முறை.

அதற்காகச் சபையின் கடமை சிறியதென்று எண்ணலாகாது. ஊரின் போக்குவரத்தும் பாதுகாப்பும் சீராக இல்லாவிடில் எந்த உதவியும் பயன் தராது. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் பணி நடந்துகொண்டிருந்த காலத்தில் மக்கள் இழுவைப் படகில் களப்பைக் கடந்தனர். பெருந்தொற்றால் மூடிக் கிடந்த பள்ளிகள் மறுபடி திறந்த நாட்களில், 2021 நவம்பர் 23 அன்று, அப்படகு கவிழ்ந்து பள்ளிச் சிறார் உட்படப் பலர் மாண்டனர். நோயிலிருந்து காத்த பிள்ளைகளை நீரில் இழந்த துயரம் அது.

3. பட்டியலில் நேரும் இரு பிழைகள்

தகுதியற்றவர் பெயர் சேர்வது ஒரு பிழை. தகுதியுள்ளவர் பெயர் விடுபடுவது மற்றொன்று. முதலாவதால் அரசின் பணம் வீணாகும். இரண்டாவதால் ஒரு வீடு பட்டினி கிடக்கும்.

யார் விடுபடுவர்? ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் வாழ, பதிவேட்டில் ஒன்றே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது வாடகை வீட்டில் இருப்பவர் வேறு பிரிவில் பதியப்பட்டுள்ளார். அல்லது கணவனை இழந்த பெண்ணுக்காகப் பேச ஆளில்லை. இவர்களை எவரும் வேண்டுமென்றே ஒதுக்கியிருக்க மாட்டார்கள். ஆனாலும் பட்டியலில் அவர்கள் இல்லை.

ஆதித் திருச்சபையிலும் இதே சிக்கல் எழுந்தது. அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்னும் முறைப்பாட்டை அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிவுசெய்யச் செய்து பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே என்பது கவனிக்கத்தக்கது. விடுபட்டோரின் தரப்பை அறிந்தவரும் பங்கிடும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

4. அயலார் செய்தது

தமிழ்நாட்டில் 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், 2021இல் இரு தவணைகளில் 4,000 ரூபாயும் அரிசி அட்டை உள்ள இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நியாயவிலைக் கடைகள் மூலம் கொடுக்கப்பட்டன. அட்டை இருந்தவர் அனைவருக்கும் கிடைத்தமையால் புதுப் பட்டியல் தேவைப்படவில்லை. கேரளத்தில் உள்ளூராட்சி மன்றங்களே சமூகச் சமையலறைகளை நடத்தின; தனித்திருந்தோரின் வீட்டுக்கே உணவு சென்றது. முதலாவது முறையில் விரைவு அதிகம், ஆனால் வசதியுள்ளவருக்கும் பணம் போகும். இரண்டாவது முறைக்கு ஒவ்வொரு வீட்டையும் அறிந்த உள்ளூர் மன்றம் வேண்டும்.

நம் நாட்டில் 2023இல் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும திட்டம் வந்து, பட்டியல் வெளியானபோது, ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. பட்டியல் என்பது முடிந்த முடிவன்று, கேள்வி கேட்டால் திருத்தக்கூடியது என்பதை மக்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

5. நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பட்டியல் ஒட்டப்பட்டதும் சென்று பாருங்கள். உங்கள் பெயரோடு நின்றுவிடாமல் அயல்வீட்டார் பெயரையும் தேடுங்கள்.

இரண்டாவது, முறைப்பாட்டை வாய்ச்சொல்லாக விடாது எழுதிக் கொடுங்கள். திகதியிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, பிரதியை வைத்திருங்கள்.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். எவ்வளவு பணம் வந்தது, எவ்விதிப்படி பங்கிடப்பட்டது எனக் குடிமக்கள் எவரும் கேட்கலாம்; காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் அவரே அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, படித்த இளைஞர்கள் எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க முன்வர வேண்டும். நம் பங்கினர், பிற மதத்தினர் என்று இதில் வேறுபாடு பாராட்டலாகாது. நோய் அவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை அன்றோ?

குடும்பத்தில் சிந்திக்க:

(அ) நம் வீதியில் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குடும்பம் உண்டா?

(ஆ) நம் கிராம உத்தியோகத்தர் பிரிவின் இலக்கம் யாது? அலுவலகத்தில் அவரைச் சந்திக்கக்கூடிய நாட்கள் எவை?

(இ) கடந்த முறை உதவி கிடைக்காமற்போன அயலவருக்காக நாம் யாரிடம் பேசினோம்?